அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் கிருமி மருந்துக்கு அடங்காவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல வருடங்களாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். "பிள்ளை ரத்தத்துல கிருமி இருக்கு, முதல்ல போட்ட மருந்து கேக்கல" என்று டாக்டர் சொல்லிவிட்டு நகர்ந்ததும், அம்மாக்கள் என் பக்கம் திரும்பிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வாசலில் நிற்கும் அப்பாவும் பாட்டியும் கேட்பதும் அவையேதான். வார்டில் வேலைக்கு நடுவே அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

1. வயித்துக்குள்ள இருக்கிறப்பவே பிள்ளைக்குக் கிருமி வந்துடுமா?

பொதுவாக வராது. பனிக்குடம் உடையாதவரை பிள்ளை நல்ல காப்பில்தான் இருக்கிறது. பனிக்குடம் உடைந்து பிள்ளை வெளியே வரும் வழியில், அம்மாவின் பிறப்புப் பாதையிலும் மலக்குடலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதன் தோலிலும் வாயிலும் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு அம்மாவின் நெஞ்சு, தாய்ப்பால், தூக்குகிறவர்களின் கை, துணி, தண்ணீர் என எல்லாவற்றிலிருந்தும் வந்து சேரும். சில நாட்களிலேயே குடலில் கோடிக்கணக்கில் குடியேறிவிடும்.

இது நோய் அல்ல, நடந்தே ஆக வேண்டிய காரியம். பாலைச் செரிக்கவும், கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் குடலை நிரப்பவும் இந்த முதல் குடியேறிகள்தான் உதவுகின்றன. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் பிரசவம் இழுத்துக்கொண்டு போனால்தான் கவலை. அப்போது கீழேயிருந்து கிருமி மேலே ஏறிப் பனிநீரிலேயே தொற்று உண்டாகலாம். "எப்ப தண்ணி உடைஞ்சுது?" என்று லேபர் வார்டில் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.

2. எதிர்ப்பு சக்தி இருந்தா நல்லதுதானே சிஸ்டர், அதை ஏன் கெட்டதுன்னு சொல்றீங்க?

"ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புத்திறன்" என்ற சொல் செய்யும் குழப்பம் இது. நம் வீடுகளில் எதிர்ப்பு சக்தி என்றால் உடம்புக்கு இருக்கும் பலம். இங்கே பலம் கூடியிருப்பது கிருமிக்கு. மருந்தைப் போட்டாலும் அது சாவதில்லை. அதனால் வார்டில் நான் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு "மருந்துக்கு அடங்காத கிருமி" என்றுதான் சொல்கிறேன்.

எப்படி அடங்காமல் போகிறது என்றால், சில பாக்டீரியாக்கள் பென்சிலின் வகை மருந்தை உடைத்துப்போடும் ஒரு நொதியைத் தாமே சுரக்கின்றன. அதைச் செய்யும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனும் சின்ன வளையத்தில் இருக்கிறது. அந்த வளையத்தைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிட முடியும். அது வேறு இனமாக இருந்தாலும் சரி. சாதுவான குடல் பாக்டீரியா ஒன்றிடமிருந்து ஆபத்தான கிளெப்சியெல்லா என்ற கிருமிக்கு அந்த வளையம் கைமாறலாம்.

3. நான் மாத்திரையே சாப்பிட மாட்டேன். எனக்கு எப்படி அந்தக் கிருமி வந்திருக்கும்?

மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மட்டும் அது தங்குவதில்லை. குடிக்கும் தண்ணீர், சரியாக வேகாத சாப்பாடு, வீட்டில் மருந்து சாப்பிட்ட இன்னொருவர், எப்போதோ ஆஸ்பத்திரியில் படுத்த நாலு நாள் என எந்த வழியிலும் குடலுக்கு வந்துவிடும். வந்தாலும் உங்களுக்கு ஒன்றும் செய்யாது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்காது. சும்மா குடியிருக்கும்.

இது எவ்வளவு சாதாரணம் என்று காட்டிய பெரிய ஆய்வு பர்னார்ட்ஸ். 2015 முதல் 2017 வரை இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, எத்தியோப்பியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் தாய்மாரையும் பிள்ளைகளையும் சேர்த்து நடத்தினார்கள். 15,217 தாய்மாரின் மலக்குடலில் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரிகளைச் சோதித்ததில், பல ஆன்டிபயாட்டிக்குகளை முறிக்கும் சிடிஎக்ஸ்-எம்-15 என்ற மரபணு 47.1 சதவீதம் பேரிடம் இருந்தது. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். மெரோபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்தையே முறிக்கும் என்டிஎம் மரபணு 4.6 சதவீதம் பேரிடம்.

என்டிஎம் நம் ஊருக்குப் புதிதல்ல. அது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 2010-இல் லான்செட் குழும இதழில் வெளிக்கொண்டுவந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளும் அந்த ஆய்வில் இருந்தன.

4. அப்ப என்கிட்டருந்துதான் பிள்ளைக்கு வந்துச்சு. என் தப்புதானே?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில், உங்கள் குடலில் என்ன குடியிருக்கிறது என்பது நீங்கள் தேர்ந்தெடுத்ததல்ல. இரண்டாவது, உங்களிடமிருந்துதான் வந்தது என்பதே பெரும்பாலும் நிச்சயமில்லை. மேலே சொன்ன அதே ஆய்வில், தொற்று அறிகுறி இருந்த 2,931 பிள்ளைகளையும் சோதித்தார்கள். என்டிஎம் மரபணு பிள்ளைகளில் 18.5 சதவீதம் பேரிடம் இருந்தது, தாய்மாரில் 4.6 சதவீதம்தான். சோதித்த பிள்ளைகள் உடம்பு முடியாதவர்கள் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளிக்குத் தாயை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கிருமிகளின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே மட்டுமல்ல, ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் நடுவிலும் பரவியதற்கான அடையாளம் தெரிந்தது. பிள்ளையிலிருந்து பிள்ளைக்குத் தானாக எதுவும் நடந்து போவதில்லை. கைதான் கொண்டுபோகிறது. எங்கள் கைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டெல்லியின் மூன்று பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை நடந்த டெனிஸ் ஆய்வும் இதையேதான் காட்டுகிறது. பிறந்து 72 மணி நேரத்துக்குள் வரும் தொற்று அம்மாவிடமிருந்து வந்தது, அதற்குப் பிறகு வருவது ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது என்று எங்களுக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். டெல்லியில் மூன்றில் இரண்டு பங்குத் தொற்று 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்தது. ஆனால் அந்தக் கிருமிகளும் பிந்தி வந்த தொற்றின் கிருமிகளும் ஒரே கலவைதான்: அசினிட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. அசினிட்டோபாக்டர் தாயின் உடம்பைவிட ஆஸ்பத்திரியில் அதிகம் வாழும் கிருமி. பிறந்த மணி நேரத்திலேயே, லேபர் வார்டிலேயே, அது பிள்ளையை எட்டிவிடுகிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பிள்ளைகளைச் சூடாக வைத்திருக்கும் அடுத்தடுத்த மூன்று பெட்டிகளில் ஒரே கிருமி வந்தது. கைகழுவும் தொட்டியின் சல்லடையைக் கழற்றினால் அடியில் விரல் கனத்துக்கு வழுவழுவென்ற படிவம். அந்தத் தொட்டிக்கு இரண்டடி தள்ளித்தான் நாங்கள் ஊசி மருந்து கலந்துகொண்டிருந்தோம். அன்றைக்கு அந்த மூன்று அம்மாக்களும் தங்களைத்தான் நொந்துகொண்டு அழுதார்கள்.

5. சுகப்பிரசவமா இருந்தா இது வராதா? ஆபரேஷன்னா வருமா?

இரண்டிலும் கிருமி வரும், எந்தக் கிருமி என்பதுதான் மாறும். பிரிட்டனில் 596 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து 2019-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சுகப்பிரசவப் பிள்ளைகளின் குடலில் அம்மாவின் குடல் பாக்டீரியாக்கள் அதிகம். சிசேரியன் பிள்ளைகளிடம் அவை குறைந்து, என்டெரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்ற ஆஸ்பத்திரிச் சூழலில் புழங்கும் கிருமிகள் கூடுதலாக இருந்தன. மருந்துக்கு அடங்காத குணம் பின்னதில்தான் அதிகம்.

இதைப் படித்துவிட்டுத் தேவையான ஆபரேஷனை மறுக்காதீர்கள். பிள்ளைக்கு மூச்சுத் திணறும் நேரத்தில் குடல் பாக்டீரியாவைப் பற்றி யோசிக்கக் கூடாது. நாள் நட்சத்திரம் பார்த்து, தேவையே இல்லாமல் வைக்கும் சிசேரியனுக்குத்தான் இது பொருந்தும்.

6. சிசேரியன் பிள்ளைக்கு அம்மாவோட கிருமியைத் துணியில எடுத்துத் தடவுறாங்களாமே?

வீட்டில் செய்யாதீர்கள். ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பே சொல்லியிருக்கிறது. நல்லதோடு கெட்டதும் சேர்ந்து ஒட்டும். உங்கள் கிருமிகளைக் கொடுக்க இதைவிடப் பாதுகாப்பான வழிகள் 11, 13-ஆம் கேள்விகளில் இருக்கின்றன.

7. மாசமா இருக்கும்போது யூரின் இன்ஃபெக்ஷனுக்கு மருந்து குடுத்தாங்க. பிள்ளைக்கு ஆகாதுன்னு ரெண்டு நாள்ல நிறுத்திட்டேன். சரிதானே?

சரியில்லை. கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்றை அப்படியே விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறலாம், குறைமாதப் பிரசவம் ஆகலாம். குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைதான் மருந்துக்கு அடங்காத கிருமியிடம் முதலில் மாட்டும். டாக்டர் எழுதிய நாள்வரை சாப்பிடுங்கள். எரிச்சல் இல்லாவிட்டாலும் சிறுநீர்க் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வந்தால் கர்ப்பிணிக்கு மருந்து தேவை.

மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதைத்தான் விட வேண்டும். டாக்சிசைக்ளின் வளரும் பிள்ளையின் பல்லில் கறை ஏற்றும். நைட்ரோஃபுரான்டாயின் கர்ப்பத்தில் பல மாதம் கொடுக்கக்கூடியதுதான், ஆனால் பிரசவ நாள் நெருங்கியபின் தவிர்ப்பார்கள். போன தடவை மிச்சமான மாத்திரைப் பட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது இன்னும் மோசம். மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அர்த்தம்.

8. பிரசவம் ஆன எல்லாருக்கும் அஞ்சு நாள் ஆன்டிபயாட்டிக் எழுதுறாங்களே, அது தேவையா?

சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்துக்குத் தேவையில்லை. தையல் போட்டிருந்தாலும் அதற்காக மட்டும் எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆசனவாய்த் தசைவரை கிழிந்திருந்தால் கொடுக்க வேண்டும். சிசேரியனுக்கும் வேண்டும், ஆனால் கத்தி வைக்கும் முன்பு போடும் ஒரே ஊசி போதும். ஐந்து நாள், ஏழு நாள் என்று நீட்டுவது பழக்கத்தால் வந்தது.

மாத்திரைச் சீட்டைப் பார்த்து "எதுக்கு டாக்டர் இது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காய்ச்சல், புண்ணில் சீழ், பனிநீரில் நாற்றம் என்று காரணம் சொன்னால் முழுக் கணக்கும் சாப்பிடுங்கள்.

9. அமெரிக்காவுல இருக்கிற என் தங்கச்சிக்கு 36 வாரத்துல குச்சியில துடைச்சு எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. இங்க ஏன் பண்ணல?

அது பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிக்கான பரிசோதனை. அங்கே பச்சிளங்குழந்தைகளை அதிகம் கொன்றுகொண்டிருந்தது அதுதான். தாயிடம் இருந்தால் பிரசவ வலியின்போது பென்சிலினை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். பிறப்பதற்கு 4 மணி நேரம் முன்பாவது ஏற ஆரம்பித்தால் நல்ல பலன். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆயிரம் பிறப்புக்கு 1.7 அளவில் இருந்த முதல்வாரத் தொற்று இப்போது 0.3-க்கும் கீழே வந்துவிட்டது. ஆன்டிபயாட்டிக்கை யாருக்கு வேண்டுமோ அவருக்கு, வேண்டிய நேரத்தில் கொடுத்தால் எத்தனை உயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தக் கிருமி பென்சிலினுக்கு இன்னும் அடங்குகிறது. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்கும் கிளிண்டாமைசினுக்குத்தான் அடங்காமல் போகிறது.

நம் நாட்டில் பிள்ளைகளை அதிகம் தாக்குவது 4-ஆம் பதிலில் சொன்ன வேறு கிருமிகள். அவற்றுக்குப் பென்சிலின் பயன்படாது. அதனால் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை இங்கே வழக்கத்தில் இல்லை. உங்கள் முந்தைய பிள்ளைக்கு இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

10. வலி எடுக்கும்போதே எல்லா அம்மாவுக்கும் ஒரு மாத்திரை குடுத்துட்டா பிள்ளைக்கு வராதுல்ல?

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். இந்தியாவின் நாக்பூர், பெலகாவி உட்பட ஏழு நாடுகளில் 29,000-க்கு மேற்பட்ட தாய்மாரில் பாதிப் பேருக்குப் பிரசவ வலியின்போது 2 கிராம் அசித்ரோமைசினும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. தாய்மாரின் கடும் தொற்றோ மரணமோ 2.4 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. பெரிய நன்மைதான். பிள்ளைகளின் தொற்றிலோ மரணத்திலோ எந்த வித்தியாசமும் இல்லை: மருந்து பெற்றவர்களின் பிள்ளைகளில் 10.5 சதவீதம், பெறாதவர்களின் பிள்ளைகளில் 10.3 சதவீதம்.

ஊரில் உள்ள எல்லாத் தாய்மாருக்கும் கொடுத்தால் சில வருடங்களில் அந்த மருந்துக்கும் கிருமிகள் பழகிவிடுமே என்பது தீராத கேள்வி. தாயின் உயிர் காக்கும் நன்மையையும் இதையும் அந்தந்த நாடு எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பிள்ளைக்காக என்று நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்வதில் பலன் இல்லை.

11. என் பால்லயும் கிருமி இருக்குமாமே. பால்பவுடருக்கு மாத்திடட்டுமா?

வேண்டவே வேண்டாம். தாய்ப்பாலில் பாக்டீரியா உண்டு, அவற்றில் சில மருந்துக்கு அடங்காத மரபணுவையும் சுமக்கலாம். ஆனாலும் கணக்குப் பார்த்தால் தாய்ப்பால் குடித்த பிள்ளைதான் ஜெயிக்கிறது. பின்லாந்தில் 16 தாய்-சேய் ஜோடிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதமாவது தாய்ப்பால் குடித்த பிள்ளைகளின் குடலில், அதற்கு முன்பே நிறுத்திய பிள்ளைகளைவிட, மருந்தை முறிக்கும் மரபணுக்கள் குறைவு. சின்ன ஆய்வுதான், ஆனால் காரணம் விளங்குகிறது. தாய்ப்பாலில் பிள்ளையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அது பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல இனத்துக்குத் தீனி. அந்த இனம் பெருகி இடத்தைப் பிடித்தால் ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும் ஒதுங்க வேண்டியதுதான்.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். பெட்டியில் இருக்கும் பிள்ளைக்குப் பால் பீய்ச்சிக் கொடுப்பதானால் கவனம் பாத்திரத்தில் இருக்கட்டும். பாலாடையின் மூக்குப் பகுதியில் பால் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருக்கும். பலர் குழாயில் ஒருமுறை காட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். சோப்பு போட்டு அந்த மூக்கைத் தேய்த்துக் கழுவி, மூழ்கும்படி தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, துணியால் துடைக்காமல் அப்படியே மூடிவையுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு முழங்கைவரை கழுவிய பிறகு பீய்ச்சுங்கள்.

நீங்கள் ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களிலும் பெரும்பாலான மருந்துகளோடு பால் கொடுக்கலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

12. எங்க வீட்டுல மூத்தவங்கதான் சேனை வைப்போம், அப்பறம் உரை மருந்து. காலங்காலமா குடுத்ததுதானே, அதுல என்ன வந்துடும்?

பாட்டிமார்களே, உங்கள் ஆசையைக் குறை சொல்லவில்லை. தங்கள் குணம் பிள்ளைக்கு வரட்டும் என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலால் நாக்கில் வைக்கிறீர்கள். அந்த விரலில் இருக்கும் கிருமியும் கூடவே போகிறது. நீங்கள் பிள்ளை பெற்ற காலத்தில் அந்தக் கிருமி சாதாரண ஊசிக்கு அடங்கியது, இப்போது அடங்குவதில்லை. உரைகல்லில் வசம்பும் ஜாதிக்காயும் இழைக்கும் தண்ணீரும் அப்படித்தான். தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், விபூதி எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குக் கொடியைச் சுத்தமாக, ஈரமில்லாமல் விட்டாலே தானாக விழுந்துவிடும்.

ஆசி சொல்லிப் பிள்ளையின் நெற்றியைத் தொடுங்கள். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

13. கிருமி என்கிட்டயும் இருக்குங்கிறீங்க, அப்பறம் நெஞ்சோட அணைச்சுக்கச் சொல்றீங்க. புரியலையே?

நியாயமான கேள்வி. குறைமாதப் பிள்ளையை அம்மாவின் வெறும் நெஞ்சில் வைத்துக் கட்டும் கங்காரு முறையைப் பற்றி இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பிறந்த எடை 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பிறந்ததுமே அம்மாவோடு அணைத்து வைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். முதலில் பெட்டியில் வைத்து, உடல்நிலை தேறியபின் அணைத்தவர்களில் 15.7 சதவீதம். தொற்று என்று சந்தேகித்த பிள்ளைகளும் அணைத்த பக்கத்தில்தான் குறைவு. முடிவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2021-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனமும் பிறந்தவுடனே தொடங்கச் சொல்லிவிட்டது.

உங்கள் தோலில் இருப்பவை பெரும்பாலும் சாதுக்கள். வார்டில் சுற்றுபவை அப்படியல்ல. பிள்ளை உங்கள் நெஞ்சில் இருக்கும் நேரமெல்லாம் பலருடைய கைகள் அதன்மேல் படாத நேரம். உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள், நேரம் கேளுங்கள். தர மறுத்தால் காரணம் கேளுங்கள்.

14. பிள்ளை நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் குடல்ல அந்தக் கிருமி இருக்கான்னு டெஸ்ட் எடுக்கலாமா?

நன்றாக இருக்கும் பிள்ளைக்கு வேண்டாம். இருப்பது தெரிந்தாலும் மருந்து கொடுக்கப் போவதில்லை. கொடுத்தால் நல்ல பாக்டீரியாதான் சாகும். நார்வேயில் ஓர் ஆஸ்பத்திரியில் கிளெப்சியெல்லா பரவியபின் வீடு திரும்பிய பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பாதிப் பிள்ளைகளிடம் ஒரு வருடத்துக்கு மேலும் அது குடலில் இருந்தது. சில வீடுகளில் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கே தொற்றியிருந்தது. மலத்துணி மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். பிறகு எப்போதாவது பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பழைய விஷயத்தைச் சொல்லுங்கள்.

15. எதைப் பார்த்து உடனே ஓடி வரணும்?

பால் குடிக்க மறுப்பது, அல்லது நேற்றுவரை குடித்த பிள்ளை இன்று உறிஞ்சாமல் விடுவது. தொட்டு எழுப்பினால்தான் அசைவது. நிமிடத்துக்கு 60 அல்லது அதற்குமேல் மூச்சு. மூச்சு இழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போவது. வலிப்பு. உடம்பு சுடுவது, அதேபோல் சில்லிட்டுப் போவது. காய்ச்சலைப் பார்த்துப் பயப்படும் வீட்டார் சில்லிட்ட பிள்ளையைத் துணி சுற்றிவிட்டுக் காத்திருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

16. கல்ச்சர் ரிப்போர்ட்ல வரிசையா ஆர், ஆர்-னு வந்திருக்கு. அப்படின்னா மருந்தே இல்லையா?

ஒவ்வொரு மருந்துக்கும் நேரே ஓர் எழுத்து இருக்கும். எஸ் என்றால் கிருமி அடங்குகிறது, ஆர் என்றால் அடங்கவில்லை, ஐ என்றால் கூடுதல் அளவில் கொடுத்தால் அடங்கக்கூடும். ஆர் எத்தனை என்று எண்ணிப் பயப்படாதீர்கள். ஒரே ஓர் எஸ் இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்து வீட்டுக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். டெல்லி ஆய்வில் அசினிட்டோபாக்டரில் 82 சதவீதமும் கிளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. ஆகவே இந்த ரிப்போர்ட் உங்கள் பிள்ளைக்கு மட்டும் வந்த அபூர்வம் அல்ல.

கிருமி வளர ஒன்றிரண்டு நாள், எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் அனுமானத்தில் மருந்து தொடங்கி, பிறகு மாற்றுகிறார்கள். முதல் ஊசிக்கு முன் ரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். மருந்து ஏறியபின் எடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம்.

17. தெரிஞ்ச விஷயம்தானே, முதல்லயே பெரிய மருந்தைப் போட்டுட வேண்டியதுதானே?

பெற்றவர்களின் தவிப்பு புரிகிறது. ஆனால் பெட்டியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மெரோபெனம் போட்டால், அதற்கும் அடங்காத கிருமிதான் அந்த வார்டில் மிஞ்சும். அடுத்து இருப்பது கொலிஸ்டின், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. 2018 முதல் 2020 வரை 11 நாடுகளின் 19 ஆஸ்பத்திரிகளில் 3,204 பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வில், டாக்டர்கள் 200-க்கும் மேற்பட்ட மருந்துச் சேர்க்கைகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். எது சரி என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். ஃபோஸ்போமைசின், ஃப்ளோமாக்செஃப் போன்ற பழைய மருந்துகளைப் பச்சிளங்குழந்தைகளுக்குச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அதிலிருந்துதான் பிறந்தது.

வழக்கமான மருந்துகளுக்குக் கிருமி அடங்காததால் மட்டும் இந்தியாவில் வருடத்துக்கு 56,524 பச்சிளங்குழந்தைகள் இறக்கின்றன என்று 2016-இல் லான்செட்டில் ஒரு கணிப்பு வந்தது. அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே பெரிய மருந்தைத் தள்ளிவைக்கும் டாக்டர் கஞ்சத்தனம் செய்கிறார் என்று நினைக்காதீர்கள். கல்ச்சரில் ஒன்றும் வளராமல் பிள்ளையும் தேறியிருந்தால், இரண்டு நாளில் மருந்தை நிறுத்தும் டாக்டரும் நல்ல டாக்டர்தான்.

18. ப்ரோபயாடிக் சொட்டு மருந்து கடையில கிடைக்குதே, வாங்கிக் குடுக்கலாமா?

ஒடிசா கிராமங்களில் 4,556 பிள்ளைகளிடம் செய்த சோதனை 2017-இல் வெளியானது. பிறந்த சில நாளில் தொடங்கி ஒரு வாரம் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற குறிப்பிட்ட ரகத்தை அதற்கான தீனியோடு கொடுத்தார்கள். தொற்றோ மரணமோ 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாக இறங்கியது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் சேர்த்தவர்கள் 2 கிலோவுக்குக் குறையாத, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகள், கொடுத்தது அந்த ஒரு ரகம். கடையில் இருப்பது அதுவல்ல. குறைமாதப் பிள்ளைக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. ப்ரோபயாடிக்கில் இருந்த பாக்டீரியாவே ரத்தத்தில் தொற்றாகிக் குறைமாதப் பிள்ளை இறந்தது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்திருக்கிறது.

19. இதுக்குத் தடுப்பூசி உண்டா?

இப்போது போட்டுக்கொள்ளும்படி இல்லை. கர்ப்பிணிக்குப் போட்டால் பிள்ளைக்குக் காப்பு போய்ச் சேரும்படி, 9-ஆம் பதிலில் சொன்ன ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு ஒரு தடுப்பூசி மனிதர்களிடம் சோதனையில் இருக்கிறது. கிளெப்சியெல்லாவுக்கும் ஒன்று வர வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் முனைகிறார்கள்.

20. என் முதல் பிள்ளை ரத்தத்துல கிருமி ஏறிப் போயிடுச்சு. இப்ப மறுபடி அஞ்சு மாசம். இந்தப் பிள்ளைக்கும் வந்துடுமா?

வரும் என்று எந்த விதியும் இல்லை. 4-ஆம் பதிலை மறுபடி ஒருமுறை படியுங்கள், நிதானமாக. முதல் பிள்ளைக்கு வந்தது உங்கள் உடம்பில் இருந்ததா, அந்த வார்டில் இருந்ததா என்று இன்று சொல்ல முடியாது. வார்டில் இருந்தது என்றால் அது உங்களோடு வரப்போவதில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. சிறுநீர்க் கல்ச்சரை எடுத்துவிடுங்கள், கிருமி இருந்தால் மருந்தை முடியுங்கள். பனிக்குடம் உடைந்தால் வீட்டில் காத்திருக்காமல் கிளம்புங்கள். காய்ச்சலோ நாற்றமோ இருந்தால் சேரும்போதே சொல்லுங்கள். பிறந்ததும் நெஞ்சில் போடச் சொல்லுங்கள். முதல் பிள்ளையின் கல்ச்சர் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். பலர் அதைப் பார்க்கவே மனம் வராமல் பீரோவின் அடியில் வைத்திருப்பார்கள். தாங்காவிட்டால் வீட்டுக்காரரையோ அம்மாவையோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் கிருமியின் பெயரும் அது அடங்கிய மருந்தின் பெயரும் இருக்கும். தேவைப்பட்டால் டாக்டர் முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு தாள் உதவும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிரசவத்துக்குக் கொண்டுவரும் பையில், பிள்ளைத் துணிக்கு மேலேயே வையுங்கள்.